மூன்று முறை தும்மிய பறவை

அத்தியாயம் 7

கோமுகி ஆற்றுப் பனிக்குக் கொஞ்சம்கூட விவஸ்தை கிடையாது. ஒரு மனிதனின் உயிர் ஊசலாடும் காலையில், அது பாட்டுக்கு ஆற்றை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. ரவூப் கையை நீட்டிப் பார்த்தான். முழங்கை வரை அவனுடையது. அதற்கு அப்பால் யாருடையது என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

“அக்கா, இந்த பைனாகுலர்ல இன்னா தெரியுதுன்னு சொல்லவா?”

“சொல்லு.”

“பனி. ஆனா ரொம்பக் கிட்டக்க தெரியுது.”

துப்பறியும் ராணியம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து வெள்ளி டப்பியை எடுத்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உள்ளே அனுப்பினார். கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவர். திருக்கோவிலூரில் ஒருவர் ‘அலோ’ என்றால், அவர் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறாரா, சண்டை போட்டுவிட்டுப் பேசுகிறாரா, சண்டையில் யார் ஜெயித்தது என்பது வரை சொல்லிவிடுவார். கண்தான் சுமார். கண்ணாடியைக் கழற்றினால் எருமைக்கும் அம்பாசடருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை எருமையின் கதவைத் திறக்கப் பார்த்தார் என்று, கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்யும் அவருடைய உதவியாளன் ரவூப், குடை கொண்டுவந்த அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

“மணி இன்னா பாய்?” என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

கமலா. கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வி.

“ஆறு அடிக்கப் போவுதும்மா.”

“பதினொண்ணுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம்” என்றாள் கமலா. பிறகு யாரிடமும் இல்லாமல், “அஞ்சு மணி நேரந்தான்” என்றாள்.

ரவூப்பின் வாயில் அடுத்த நையாண்டி தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

புரட்டாசி பிறந்ததும் தொடங்கிய இட ஒதுக்கீடு மறியல் ஒரு வாரம் நடந்தது. வடக்கனந்தல் சாலையில் நின்ற புளியமரங்களெல்லாம் படுத்துக்கொண்டன. அதில் ஒரு மரத்தைக் கமலாவின் கணவன் ராஜாங்கமும், பக்கத்து வயல்காரன் சடையனும் சேர்ந்து வெட்டினார்கள். போலீஸ் துரத்தியது. இருவரும் ஆற்றை நோக்கி ஓடினார்கள். ராஜாங்கம் மட்டும் திரும்பி வந்தான். சடையனின் சட்டை கரையில் கிடைத்தது. ஆற்றில் அன்று வெள்ளம். அதற்கு முந்தின வாரம்தான் இருவரும் மோட்டார் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள் என்று ஊரே சாட்சி சொன்னது. போதாதா? ‘தள்ளிக் கொன்றான்’ என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டு மாதச் சிறையில் ராஜாங்கம் மனிதனாகவே இல்லை. நேற்று முன்தினம் பார்க்கப்போன கமலாவிடம், “ஒத்துக்கறேன்னு சொல்லிட்டேன். இல்லாட்டி உன்னையும் கேசுல சேப்பாங்களாம்” என்றான். இன்று பதினொரு மணிக்குக் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு பிரம்மதேவனே வந்து அழித்தாலும் மை போகாது.

சடையன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இருந்த ஒரே தடயம், ஒரு பறவை.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஜமால் முகமது, ஞாயிற்றுக்கிழமை தோறும் கோமுகி அணைக்கு மேலே இருக்கும் இந்தப் பறவைப் புகலிடத்துக்கு வந்து கணக்கெடுப்பவர். நான்கு நாளைக்கு முன் ரவூப்பின் கடைக்குக் குடையோடு வந்தவர், நோட்டைத் திறந்து காட்டினார். ‘நத்தைகுத்தி நாரை 212. நீர்க்காகம் 90. இனம் தெரியாத பறவை 1. பனிமூட்டத்தில் உருவம் தெரியவில்லை. ஒலி: மனிதத் தும்மலை ஒத்தது. சரியாக மூன்று முறை.’

ரவூப் வயிறு வலிக்கச் சிரித்தான். மூன்று நாள் கடைத்தெரு முழுக்க அந்தப் பறவையை வைத்தே பிழைப்பு நடத்தினான். நேற்றுச் சாயங்காலம்தான் ராணியம்மாளிடம் சொன்னான். அவர் சிரிக்காமல் கமலாவை அழைத்து, “சடையன் எப்படிம்மா தும்முவான்?” என்று கேட்டார்.

கமலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பனி பட்டா மூணு தும்மல்மா. ரெண்டோட நிக்காது, நாலுக்குப் போவாது. நாலு கயனிக்குக் கேக்கும். எங்க வூட்டுக்காரரு இந்த வயல்லேருந்து எண்ணுவாரு. நூறு ஆயுசு, எர்நூறு ஆயுசுன்னு. மூணாவதுக்கு முந்நூறுன்னு ஒரு கூவு. சண்டை போட்ட அன்னிக்குக்கூட எண்ணாரு.”

மூன்று நாள்! ரவூப் சிரித்துத் தொலைத்த மூன்று நாள்.

“சாமி சரணம்!”

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு பரிசல் கரை தட்டியது. புகலிடத்தின் காவலாள் கண்ணாயிரம். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய விபூதி. சடையனுக்குத் தாய்மாமன். வெள்ளத்தில் சடையன் போனதைப் பார்த்தேன் என்று சொன்னவரும் இவர்தான். அவன் தானாக விழுந்தானா, தள்ளினார்களா என்று கேட்டபோது, ‘தெரியலைங்க’ என்றவரும் இவர்தான்.

கமலாவைப் பார்த்ததும் கண்ணாயிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பறவை பாக்க வந்தோம் சாமி” என்றார் ராணியம்மாள். “நடு ஆத்துல இருக்கற மூணு திட்டையும் சுத்திக் காட்டணும்.”

“ரெண்டு காட்டறேன் சாமி. மூணாவது பூரா கட்டுவிரியன். நானே கால் வைக்கறதில்ல.” கண்ணாயிரம் பரிசலைப் பிடித்துக்கொண்டார். “நாலு பேருக்கு மேல ஏறக்கூடாது. ஏறினா நேரா கைலாசந்தான்.”

“நான் வேற மதம்” என்றான் ரவூப். “எனக்கு வழியில எங்கியாவது நிறுத்துவீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

பரிசல் நகர்ந்தது. மேற்கே கல்வராயன் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர் நின்றது. கமலா வாயைத் திறந்தாள்.

“கூப்புட்டுப் பாக்கட்டுமாம்மா?”

ராணியம்மாள் அவள் கையை அழுத்தி, காதோரமாகச் சொன்னார். “வேணாம். ரெண்டு மாசமா ஒளிஞ்சிக்கினு இருக்கறவனுக்குக் கேக்கற குரல் எல்லாம் போலீசுதான். தண்ணில குதிச்சிடுவான்.”

வழியில் இடது பக்கம் ஒரு திட்டு, கறுப்பு மூட்டைபோல் மிதந்து கடந்தது. கருவேல மரங்களில் நாரைகள் சந்தைக் கூட்டமாகச் சளசளத்துக்கொண்டிருந்தன. பரிசல் பத்தடியில் போயும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னா திமிரு பாரு” என்றான் ரவூப். “தாலுக்கா ஆபீஸ் கிளார்க்குங்களா இதெல்லாம்?”

“அதான் மூணாவது திட்டு” என்றார் கண்ணாயிரம், துடுப்பை வேகமாகப் போட்டபடி.

முதல் திட்டை நெருங்கும்போதே ரகளை. ‘ர்ர்ராக்’ என்று ஒரு கிழட்டு நாரை எச்சரிக்க, இருநூறு இறக்கைகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன. அந்தக் காற்றில் ரவூப்பின் தொப்பி பறந்து கள்ளக்குறிச்சிக்கே போயிருக்கும், தலையோடு பிடித்துக்கொண்டான். இறங்கித் தேடினார்கள். முள், எச்சம், உடைந்த முட்டை ஓடு. மனித வாடையே இல்லை.

“மணி இன்னா பாய்?”

“ஏழே கால்.”

இரண்டாவது திட்டிலும் அதே அமர்க்களம். அதே எச்சம். ஆனால் ஒரு புதருக்குள் ஏதோ அசைந்தது. கமலா முள்ளைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தாள். புடவை கிழிந்தது. இரண்டு கையாலும் செடியை விலக்கினாள்.

உள்ளேயிருந்து ஓர் உடும்பு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் நழுவியது.

கமலா அழவில்லை. அதுதான் ரவூப்புக்குத் தாங்கவில்லை. முட்செடியைப் பிடித்த கையை அவள் விடவே இல்லை. விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

“சடையண்ணன் செத்துட்டாரு. நம்மதான் தும்மலை நம்பி வந்துட்டோம்” என்றாள். “ஏதோ நரி தும்மியிருக்கும். பாய், என்னை கோர்ட்டுல வுட்டுடுங்க. அவரு கையெழுத்து போடறதுக்குள்ள மொகத்தையாவது பாத்துக்கறேன்.”

“எட்டரைதாம்மா ஆவுது…” என்றான் ரவூப். ஊரில் வாய்க்குப் பூட்டே இல்லாதவன் என்று பெயரெடுத்தவனுக்கு, முதல் முறையாகச் சாவி தொலைந்துபோனது.

பரிசல் கரைக்குத் திரும்பியது. ராணியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் சரியாக விழாதபோது அவர் இப்படித்தான் உட்காருவார்.

இந்த முறை வலது பக்கம் அந்தச் சந்தைச் சத்தம் மறுபடி நெருங்கியது. மூன்றாவது திட்டு. நாரைகள் வம்பளந்துகொண்டிருந்தன. பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கொக்கு இறங்கி, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போலப் பரிசலின் விளிம்பில் கம்பீரமாக உட்கார்ந்தது. கண்ணாயிரம் துடுப்பால் விரட்டினார். அது ஓரடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவர் கையையே பார்த்தது.

ராணியம்மாள் கண்ணைத் திறந்தார்.

“நிறுத்துங்க சாமி.”

“நேரமாவுது சாமி, அந்தம்மாவுக்குக் கோர்ட்டுக்கு…”

“ரவூப்பு, முதல் திட்டுக்குப் போறப்ப பறவைங்க இன்னா பண்ணுச்சு?”

“கத்துச்சு. பறந்துச்சு. என் தலைல ஒண்ணு வேற வேலையும் பண்ணுச்சு.”

“ரெண்டாவதுல?”

“அதே மரியாதைதான்.”

“இங்க?”

ரவூப் காதைத் தீட்டினான். சளசள. சளசள. ஒரு நொடிகூடத் தடைபடாத சளசளப்பு.

“இங்க நம்மளக் கண்டுக்கவே இல்லக்கா.”

“பறவை பயப்படற இடத்துல ஆள் இருப்பான்னு நாம தேடிட்டோம். தப்பு. ஒரு நாள் வந்தவனைப் பாத்தாதான் பயப்படும். தெனம் வர்றவனைப் பாத்து எதுக்குப் பயப்படணும்? கால் வைக்காத திட்டுன்னீங்களே சாமி, இதுங்களுக்கு உங்க பரிசல் தாய் வூட்டு வண்டி மாதிரி பழகியிருக்குதே?”

கண்ணாயிரத்தின் துடுப்பு தண்ணீரில் தொங்கியது.

“இந்தக் கொக்கு எதுக்கு உங்க கையப் பாக்குது? மாலை போட்டு எத்தினி நாளு?”

“கார்த்திகை ஒண்ணு. பத்து நாளாவுது.”

“பத்து நாளா மீனு தொடல.”

“சாமி சத்தியமா தொடல.”

“ரவூப்பு, உன் கால்கிட்ட பரிசல் மூங்கில்ல இன்னா மினுக்குது? எனக்குக் கண்ணு சரியில்ல.”

ரவூப் குனிந்தான். மூங்கில் பின்னலின் இடுக்கில், ஈரம் காயாத செதில்கள். கெண்டைச் செதில். விரலால் எடுத்து நீட்டினான்.

“நேத்து மீனுக்கா. அதுக்கு மேல போவாது. சாமி தொடல சரி, யாருக்கோ வாங்கிக்கினு போயிருக்கறாரு. மீன் கொடலு இந்தக் கொக்குக்கு டிப்சு!”

“அது… எவனோ திருட்டுத்தனமா பரிசலை எடுத்து…”

“போதும்” என்றார் ராணியம்மாள். குரலில் சத்தமே இல்லை. “நான் ஒண்ணும் போலீசு இல்ல. அடிக்க மாட்டேன், மிரட்ட மாட்டேன். அந்த மாலை மேல கையை வச்சிக்கினு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சடையன் செத்துட்டான்னு. நாங்க கரைக்குப் போயிடறோம்.”

ஆறு நகர்ந்தது. கண்ணாயிரத்தின் வலது கை எழுந்தது. மார்பு வரை வந்தது. துளசி மணிக்கு ஓரங்குலம் இந்தப் பக்கம் நின்றது. கமலா கை கூப்பியிருந்தாள். யாரைப் பார்த்துக் கூப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

கை கீழே விழுந்தது.

“எங்க அக்காவுக்கு ஒரே புள்ள” என்றார் கண்ணாயிரம். முகத்தை மூடிக்கொண்டார். “ஓடி வந்தான். பின்னால சுடற சத்தம் கேட்டுச்சு. நான்தான் அவன் சட்டையக் கழட்டிக் கரைல போட்டேன். செத்தவனை எவன் தேடுவான்னு ஒரு புத்தி. அது ராஜாங்கம் கழுத்துல வந்து விழும்னு நெனக்கல சாமி. விழுந்தப்புறம்… வாயத் தொறந்தா புள்ள போயிடுவான். மூடினா ராஜாங்கம் போயிடுவான். தெனம் காலைல தொறக்கலாம்னுதான் எழுந்திருப்பேன்.”

கமலா அவரை அடிப்பாள் என்று ரவூப் நினைத்தான். அவள் துடுப்பை அவர் மடியிலிருந்து எடுத்து, அவர் கையிலேயே திணித்தாள்.

“போடு மாமா. சீக்கிரம் போடு.”

திட்டில் ஏறியபோது நாரைகள் நகர்ந்து வழிவிட்டன, அவ்வளவுதான். கரும்புச் சோகைக் கூரைக்குள்ளிருந்து தாடியும் அழுக்குமாக ஓர் உருவம் எட்டிப் பார்த்தது. இறந்துபோன சடையன், உயிரோடு, ஒரு கையில் மீன் முள்ளோடு நின்றான். போலீஸைத் தேடிக் கண் நாலாபக்கமும் ஓடியது. கமலாவின் மேல் வந்து நின்றது.

“கமலா? ராஜாங்கம் எப்படி கீறான்? ஓடறப்ப கால் பெரண்டுச்சு அவனுக்கு. நான்தான் நிக்காம ஓடிட்டேன். கால் சரியாப்போச்சா?”

அதுவரை அழாத கமலா அப்போது அழுதாள். கோமுகியில் அன்று ஓரடி தண்ணீர் கூடியது என்று ரவூப் பிறகு சத்தியம் செய்வான்.

“உன்னைக் கொன்னதுக்கு உள்ள இருக்கறாருண்ணே. இன்னிக்குப் பதினொண்ணுக்கு ஒத்துக்கப் போறாரு.”

சடையன் மாமனைப் பார்த்தான்.

“ராஜாங்கம் வூட்டோடதான் கீறான், செஞ்சோளம் விதைச்சிட்டான், மோட்டார் தண்ணி அவனுக்கே வுட்டுட்டேன்னு சொன்னியே மாமா.”

கண்ணாயிரம் தலையைக் குனிந்தபடி நகர்ந்தார்.

“நீ வந்தா மரம் வெட்டின கேசு உன் மேல இருக்குது” என்றார் ராணியம்மாள். “உள்ள வெப்பாங்க. அதை மறைக்க மாட்டேன்.”

“நான் வெட்டின மரத்துக்கு நான் போறேன்” என்றான் சடையன். “அவன் செய்யாத கொலைக்கு அவன் எதுக்குப் போவணும்?” பரிசலை நோக்கி நடந்தவன் நின்றான். “அஞ்சு பேர் ஆவுதே.”

கண்ணாயிரம் ஏற்கெனவே ஓரமாகப் போய் நின்றிருந்தார். “நான் இங்க இருக்கறேன். நீ துடுப்பு போடு.” பிறகு ராணியம்மாளிடம், “மாலையக் கழட்டிடவா சாமி?” என்றார்.

“அத நீங்களும் ஐயப்பனும் பேசிக்கோங்க.”

பரிசல் விலகியது. பனியில் கறுப்பு வேட்டி கரைந்தது. அந்த வெள்ளைக் கொக்கு மட்டும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

கரையில் ரவூப்பின் மச்சானுடைய அம்பாசடர் காத்திருந்தது. ஒன்பதரை. கள்ளக்குறிச்சிக்கு அரைமணி ஓட்டம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் மரம் மறித்த சாலையை இன்று கரும்பு மறித்தது. மில்லுக்குப் போகும் மாட்டு வண்டிகள், டிராக்டர்கள், கல்வராயன் மலையையே கட்டு கட்டாகக் கட்டி ஏற்றியதுபோல. இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட புளியங்கட்டைகள். ரவூப் ஹாரனை அடித்த அடியில் அது இனிமேல் எந்தப் பிறவியிலும் வேலை செய்யாது.

“மணி இன்னா பாய்?”

“கேக்காதம்மா. சத்தியமா கேக்காத.”

கோர்ட் வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று அடித்து ஏழு நிமிடம்.

மாஜிஸ்திரேட்டின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே ஒரு டவாலி சேவகர், கோட்டைச் சுவர்போல.

“வாக்குமூலம் நடந்துக்கினு இருக்குது. கடவுளே வந்தாலும் உள்ள விட முடியாது.”

“கடவுள் வரலைங்க” என்றான் ரவூப். “செத்தவன் வந்திருக்கறான்.”

“காலைலயே போட்டுட்டியா? போய்யா அந்தப் பக்கம்.”

கமலா கதவை நோக்கி ஓடினாள். பெண் போலீஸ் ஒருத்தி இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவுக்கு வெளியே விட்டாள். மூன்று நாள் சிரிப்பு. இப்போது ஏழு நிமிடம்.

ராணியம்மாள் கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பின்பக்கம், வேப்பமரத்தடியில் ஓர் உயரமான ஜன்னல். கம்பிக்கு மேலே மின்விசிறி சுற்றும் சத்தம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பேப்பர் திருப்பறாங்க. இன்னும் படிச்சிக் காட்டிக்கினுதான் இருக்கறாங்க.” இடுப்பிலிருந்து வெள்ளி டப்பியை எடுத்தார். “சடையா, இங்க வா. கூவினா எவனோ கூவறான்னு ஜன்னலச் சாத்திடுவாங்க. இது ஒண்ணுதான் உன் குரல்னு அவனுக்குத் தெரியும். ரவூப்பு, லைன் போடுடா.”

ரவூப்புக்குப் புரிந்தது. மூக்குப்பொடியை இரண்டு விரலால் அள்ளினான். ஒரு சிட்டிகை இல்லை, ஒரு வருடத்துக்கானது. சடையனின் தாடியைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கில் அடைத்தான்.

சடையனின் கண் கலங்கியது. முகம் கோணியது. நெஞ்சு வேப்பமரம் அளவுக்கு விரிந்தது.

முதல் தும்மலில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. உள்ளே பேப்பர் சத்தம் நின்றது.

இரண்டாவது தும்மல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ, “யாரய்யா அங்கே?” என்று அதட்டினார்கள். ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அது பேனாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ரவூப்புக்குத் தோன்றியது.

மூன்றாவது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. கமலா சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். ராணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அறைக்குள்ளிருந்து, இரண்டு மாதமாகக் கூவாத ஒரு தொண்டை கரகரத்து, உடைந்து, ஓங்கிக் கூவியது.

“முந்நூறு!”